ட்ரம்பெட்டோடு ஏறிய பல் டாக்டர் நாற்காலி

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு ஜனவரி மாதம், பெங்களூர் மர்பி டவுனில் என் தங்கையின் கல்யாணத்தன்று நடந்தது இது. இப்போது சொன்னாலும் எனக்கு உட்கார்ந்து சொல்ல வராது, எழுந்து நின்றுவிடுவேன்.

அப்போது பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தேன். லீவு நாள் வந்தால் கல்யாண பேண்டில் ட்ரம்பெட். எங்கள் தெருப் பெண்களில் பாதிப்பேர் மணக்கோலத்தில் சர்ச்சுக்குள் நுழைந்தது என் ஊதலுக்குத்தான் என்று பெருமையடித்துக்கொள்வேன். தங்கைக்கு மாப்பிள்ளை நிச்சயமான அன்றே அவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "அண்ணா, வேற யாராவது ஊதினா நான் உள்ள வரமாட்டேன். வாசல்லயே நின்னுடுவேன், பாத்துக்கோ."

அந்த நேரம் பார்த்துத்தான் என் பல் வேலையைக் காட்டியது. முதலில் பைப்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்தால் இடது பக்கம் சுருக்கென்றது. பெங்களூர்க் குளிரில் யாருக்குத்தான் கூசாது என்று விட்டுவிட்டேன். அப்புறம் இனிப்பு பட்டால் கூசியது. வலது பக்கமாக மென்று சமாளித்தேன். கல்யாண வாரத்தில் காபி பட்டாலே வலி ஏறியது, காபி வயிற்றுக்குள் போன பிறகும் இறங்கமாட்டேன் என்றது. படுத்தால் காது வரை தெறித்தது. கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் தொட்டு வைத்தால் கொஞ்ச நேரம் அடங்கும், அவ்வளவுதான்.

டாக்டரிடம் போக வேண்டியதுதானே என்பீர்கள். ஊதுகிற எங்களுக்குப் பல் டாக்டர் என்றால் எமன். பேண்டில் கிளாரினெட் வாசித்த ஒருவர் முன்பற்களைப் பிடுங்கிக்கொண்ட பிறகு வாத்தியத்தையே தொடவில்லை. அதிலிருந்து எங்களில் யாருக்குப் பல் வலித்தாலும் வெளியே மூச்சு விடமாட்டோம். ஊசி போட்டால் உதடு மரத்துப்போகும் என்பது இன்னொரு பயம். மரத்த உதட்டை வைத்துக்கொண்டு ட்ரம்பெட்டில் காற்றுதான் வரும், சத்தம் வராது. கல்யாணம் முடிகிற வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை, கடித்தால் உயிர் போனது.

கல்யாணத்தன்று காலை ட்ரம்பெட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒத்திகைக்குக் கிளம்பினேன். தலையில் பாதிப் பூவோடு தங்கை வாசலில் மறித்தாள். கன்னம் லேசாக வீங்கியிருந்ததை அவளிடம் மறைக்க முடியவில்லை.

"எத்தனை நாளா இது? முதல்ல டாக்டர்கிட்ட போ. உன்னால ஊத முடியலைன்னாலும் பரவாயில்ல" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அவள் கண் கலங்கிவிட்டது. திட்டியிருந்தால்கூட நான் போயிருக்கமாட்டேன். அந்தப் பரவாயில்லையைத் தாங்க முடியவில்லை. பெட்டியோடு நேராக அல்சூருக்கு ஆட்டோ பிடித்தேன்.

டாக்டர் ஒரு கன்னடக்கார அம்மா. எங்கள் பக்கத்துக்காரர்கள் எல்லாரையும் போலத் தமிழும் பேசினார். நாற்காலியில் ஏறியும் பெட்டியை மடியிலிருந்து இறக்காமல், கீழ்வரிசைக் கடைவாய்ப் பல்லைத் தொட்டுக் காட்டினேன்.

"இதுதான் டாக்டர். ஆனா ஊசி வேணாம், பிடுங்கவும் வேணாம். நாலு மணிக்கு என் தங்கச்சி கல்யாணத்துல நான் ஊதணும்."

"அப்போ நான் என்ன பண்ணட்டும், மந்திரம் போடட்டுமா? ஸ்வல்ப, கொஞ்சம் வாயைத் திறங்க சார்."

சின்ன ஐஸ் துண்டை எடுத்து ஒவ்வொரு பல்லாகத் தொட்டார். நான் காட்டிய பல்லில் லேசாகக் கூசி உடனே நின்றது. பக்கத்துப் பல்லிலும் அப்படித்தான். பிறகு மேல்வரிசையில் பின்பக்கத்துப் பல் ஒன்றைத் தொட்டார். அம்மா! நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். ஐஸை எடுத்த பிறகும் வலி நின்றபாடில்லை. வேடிக்கை என்னவென்றால், அப்போதும் எனக்குக் கீழேதான் வலித்தது.

"கள்ளன் மேல இருக்கான், நீங்க கீழே காட்டறீங்க" என்று டாக்டர் சிரித்தார். அந்தப் பல்லுக்கும் பக்கத்துப் பல்லுக்கும் இடுக்கில் சொத்தை விழுந்து நரம்பு வரை போயிருக்கிறதாம். மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் செய்தி கொண்டுபோவது ஒரே நரம்பின் கிளைகள்தானாம், அதனால் எங்கே வலிக்கிறது என்பதில் மூளை ஏமாந்துபோவது உண்டாம். "பிடுங்கினாதான் உங்களுக்குக் கஷ்டம். மேல்பல் பிடுங்கின இடம் ஆறற வரைக்கும் ஊதவே கூடாது. நான் உள்ள இருக்கற நரம்பை மட்டும் எடுக்கறேன், பல் இருக்கட்டும்."

"உதடு?"

"கீழ்ப் பல்லா இருந்தா பாதி உதடு மரத்துப்போகும், ஊதறது சந்தேகம்தான். இது மேல, ரொம்பப் பின்னாடி. அங்க ஊசி போட்டா உதட்டுக்கு ஒண்ணும் ஆகாது."

என் காதை என்னாலேயே நம்ப முடியவில்லை. போடுங்கள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். மேலே ஊசி இறங்கிய சற்று நேரத்தில், கீழே அத்தனை நாள் ஆட்டம் போட்ட வலி யாரோ சுவிட்சை அணைத்த மாதிரி அடங்கியது. டாக்டர் பல்லைத் திறந்து, நரம்பை எடுத்து, மருந்து வைத்து மூடினார். மிச்ச வேலைக்கு அடுத்த வாரம் வர வேண்டும் என்றார். நான் விரலால் உதட்டைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்தப் பெட்டியைத் திறங்க. இங்கேயே பாத்துடலாம்" என்றார் டாக்டர்.

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து ஊதினேன். வந்தது பாருங்கள் சத்தம், அந்தச் சின்ன அறையே அதிர்ந்தது! வெளியே காத்திருந்தவர்கள் கதவைத் திறந்து எட்டிப்பார்த்தார்கள். டாக்டர் காதைப் பொத்திக்கொண்டு, "போதும் சார், போங்க, பொண்ணு காத்திட்டிருக்கு" என்றார். சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

நாலு மணி. தங்கை சொன்னபடியே சர்ச் வாசலில் வந்து நின்றாள். சபை எழுந்துவிட்டது, அவள் மட்டும் அசையவில்லை. பேண்டைத் துழாவிய அவள் கண் என்னைக் கண்டுபிடித்தது. நான் ட்ரம்பெட்டை உதட்டில் வைத்தேன். முதல் சத்தம் கிளம்பியதும் அவள் முகம் மலர்ந்த மலர்ச்சி இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது. என்னைத் தாண்டிப் போகும்போது கன்னத்தைத் தொட்டுப் புருவத்தை உயர்த்தினாள். ஊதிக்கொண்டே தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு எங்கள் பேண்டில் யாரும் பல்வலியை மறைத்ததில்லை, கூச்சம் தொடங்கும்போதே நான் அவர்களை அல்சூருக்கு இழுத்துப் போய்விடுவேன். ராத்திரி பல் துலக்காமல் நானும் படுப்பதில்லை. எந்த நாற்காலி என் ட்ரம்பெட்டைப் பறித்துவிடும் என்று அத்தனை நாள் ஓடி ஒளிந்தேனோ, அந்த நாற்காலிதான் என் தங்கையை வாசலிலிருந்து உள்ளே நடக்க வைத்தது என்பதை நினைக்கும்போதெல்லாம், வலியை மட்டுமல்ல, பயத்தையும் நான் தப்பான இடத்தில்தான் வைத்திருந்தேன் என்று தோன்றுகிறது.