பதினான்காம் படுக்கையில் நான் எழுதிய எண்

வார்டுக்கு முதன்முதலாகப் போவதற்கு முந்திய ஒரு வாரத்தைப் பற்றி என் நாட்குறிப்பில் பதினோரு பக்கங்கள் இருக்கின்றன. அங்கே போன அந்தத் திங்கட்கிழமையைப் பற்றி நான்கே வரிகள். நாள், கிழமை, மணி என்று எல்லாவற்றையும் குறித்து வைப்பது பள்ளிக்கூடத்திலிருந்தே என் பழக்கம். அந்த நான்கு வரிகளில் விட்டுப்போனதை இப்போது எழுதுகிறேன்.

அப்போது நான் பழனிப் பக்கம் ஒரு நர்சிங் கல்லூரியில் முதலாமாண்டு மாணவி. வீடு கொடைக்கானல் மலைமேல், பெருமாள்மலையில். அம்மா கொடைக்கானலில் ஒரு பள்ளி விடுதியின் சமையலறையில் வேலை பார்த்தார். அடுத்த திங்கள் முதல் ஆஸ்பத்திரி வார்டில் பயிற்சி என்று எங்கள் மேடம் வகுப்பில் அறிவித்த அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மேடம் என்றால் எங்களுக்குப் பாடம் எடுத்த டியூட்டர். வார்டிலும் அவர்தான் எங்களுக்குப் பொறுப்பு.

பயம் இரத்தத்தைப் பார்த்தோ மரணத்தைப் பார்த்தோ அல்ல. படித்த நாவல்களில் ஆஸ்பத்திரி வரும் பக்கங்களை நான் எப்போதும் ஆர்வத்தோடுதான் படித்திருக்கிறேன். என் பயம் சிறியது, திட்டமானது. நான் அளந்து எழுதும் ஓர் எண்ணை நம்பி டாக்டர் மருந்து எழுதுவார். அந்த எண் தப்பாக இருந்தால்? செவ்வாய்க்கிழமைக் குறிப்பில் இந்தக் கேள்வி இரண்டு முறை வருகிறது. வியாழக்கிழமை ஐந்து முறை.

சனிக்கிழமை வீட்டுக்குப் போனேன். விடுதி அறைத்தோழியின் பிரஷர் கருவியை இரவல் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். ஞாயிறு காலை சர்ச்சுக்குப் போவதற்கு முன்பு, வந்த பிறகு, மதியம் சாப்பாட்டுக்கு முன்பு, பின்பு என்று அம்மாவின் கையில் பட்டையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் ஒலி தெளிவாகக் கேட்டது. எண்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போயின.

"நல்லாத்தான இருந்தேன். நீ அமுக்கி அமுக்கியே எனக்கு வியாதியக் கொண்டாந்துருவ போல" என்றார் அம்மா.

"கையை ஆட்டாதீங்க."

"ஆட்டலடி. நடுங்குறது உன் கை."

ஞாயிறு மாலையே இறங்கிக் கல்லூரி விடுதிக்குப் போயிருக்க வேண்டும். மூன்று மணிப் பேருந்தை விட்டேன். நாலரை மணிப் பேருந்தையும் விட்டேன். சளி பிடித்திருக்கிறது என்று காரணம் சொன்னேன். சளி உண்மைதான், ஆனால் அது காரணமில்லை. மறுநாள் வெள்ளனே எழுந்து முதல் பேருந்தில் போய்விடலாம் என்று சொல்லிப் படுத்தேன்.

திங்கள் காலை கொடைக்கானலிலிருந்து வரும் பழனி பேருந்துக்காகப் பெருமாள்மலைச் சந்திப்பில் நின்றோம். சீருடைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டிருந்தேன். மூடுபனியில் எதிர்க் கடையின் விளக்கு மட்டும் தெரிந்தது. பேருந்து வந்து நின்றபோது அம்மா என் பையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, "முடியலன்னா வந்துரு. எங்க சமையக்கட்டுல ஆளு பத்தாமத்தான் கெடக்கு" என்றார்.

ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கோ அது திறந்து வைத்த கதவுபோல் ஆகிவிட்டது. வடகவுஞ்சி வரைக்கும் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். இன்று ஒரு நோயாளியையாவது ஒழுங்காகப் பார்க்க முடியவில்லை என்றால், மாலைப் பேருந்தில் திரும்பி ஏறிவிடுவது. அதற்குப் பிறகு படிப்பு இல்லை.

சவரிக்காடு தாண்டி வெக்கை தொடங்கியதும் ஸ்வெட்டரைக் கழற்றினேன். கண்டக்டர் ஏதோ கேட்டார். பக்கத்து அறையிலிருந்து யாரோ பேசுவதுபோல் இருந்தது. பயத்தில் இப்படியும் ஆகும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டு மணிக்குப் பெண்கள் வார்டில் வரிசையாக நின்றோம். மேடம் ஆளுக்கு ஒரு படுக்கை பிரித்துக் கொடுத்தார். காய்ச்சல், நாடித்துடிப்பு, மூச்சு, பிரஷர் நான்கையும் பார்த்து, ஒன்பதரைக்கு டாக்டர் வருவதற்குள் சார்ட்டில் எழுத வேண்டும். எனக்குப் பதினான்காம் படுக்கை.

அதில் இருந்தவர் ஆயக்குடியில் கொய்யாத் தோட்டம் வைத்திருந்த ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மா. தலைசுற்றி விழுந்ததால் சனிக்கிழமை சேர்த்திருந்தார்கள். சார்ட்டில் ஞாயிறு இரவு 170/100 என்று இருந்தது. நான் போனதும் கையை நீட்டிவிட்டார்.

"நல்ல சேதியா சொல்லு புள்ள. இன்னைக்குக் கொறஞ்சிருந்தா வீட்டுக்குப் போலாம்னு டாக்டரு சொல்லிருக்காரு. அங்க காயெல்லாம் பழுத்து உதிருது. பறிக்க ஆளு வந்து நிக்குது, பாக்க நாதியில்ல."

காய்ச்சல் பார்த்தேன். நாடியை ஒரு முழு நிமிடம் எண்ணினேன். மூச்சையும் எண்ணினேன். பிறகு பட்டையைச் சுற்றி, ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டி, காற்றை ஏற்றி, மெல்ல விட்டேன். முள் இறங்கியது. எதுவும் கேட்கவில்லை.

இரண்டாம் முறையும் கேட்கவில்லை. மூன்றாம் முறை முள் எங்கோ லேசாகத் துள்ளியது. கேட்க வேண்டிய இடத்தில் பஞ்சு அடைத்ததுபோல் மௌனம்.

"கை முறிஞ்சிரும் போல. எம்புட்டு நேரம் புடிப்ப?" என்றார்.

எதிர்ப் படுக்கையில் என் அறைத்தோழி முடித்துவிட்டு எழுதிக்கொண்டிருந்தாள். மேடம் கதவுப் பக்கம் நின்றார். நான் பட்டையைக் கழற்றினேன். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், குறைந்துதான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சார்ட்டில் 130/80 என்று எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருந்தது. அது நினைவிருக்கிறது.

"எவ்வளவு காட்டுது?"

"நூத்தி முப்பதுங்க."

அந்த அம்மாவின் முகம் மாறியதை நான் மறக்கவில்லை. தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்து மகளை அழைத்தார். "ஏய், கொறஞ்சிருச்சுடி. நூத்தி முப்பதாம். வெரசா வண்டிய எடுத்துட்டு வரச் சொல்லு. மத்தியானம் தோட்டத்துல நிக்கணும்." பேசிக்கொண்டே துண்டையும் சோப்புப் பெட்டியையும் கூடையில் எடுத்து வைத்தார். எழுந்து நின்றபோது கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன்.

பிறகு கூடையைப் பார்த்தபடியே தாழ்ந்த குரலில் என்னிடம் ஏதோ கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. மீண்டும் கேட்டார். குனிந்து, "என்னங்க?" என்றேன்.

"எந்த ஊருன்னு மூணு தடவ கேட்டுட்டேன்."

"பெருமாள்மலைங்க."

"விடுதியில தங்கலயா? மொதல் பஸ்ஸுலயா எறங்குன? அதானே பாத்தேன். உனக்குக் காது அடைச்சிருக்கு புள்ள. சளி வேற. எங்களுக்கு மேல ஏறுனா அடைக்கும், உங்களுக்குக் கீழ எறங்குனா அடைக்கும்" என்று சிரித்தார்.

மலைக்காரர்களுக்குக் காதடைப்பு ஒரு விஷயமே அல்ல. சுற்றுலா வருகிறவர்கள்தான் காதைப் பொத்திக்கொண்டு முழிப்பார்கள். நாங்கள் எச்சில் விழுங்கிவிட்டு ஜன்னலோரம் தூங்குவோம். பிறந்ததிலிருந்து ஏறி இறங்குகிறவள் என்பதால்தான் அது எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு வாரமாகப் பயத்தையே கவனித்துக்கொண்டிருந்ததில் உடம்பில் நடந்த எல்லாவற்றையும் பயத்தின் கணக்கிலேயே சேர்த்திருந்தேன். காது கேட்காமல் போனது என் குற்றமில்லை. கேட்காமலே எழுதியது என் குற்றம்.

சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது இருபது. மேடத்திடம் போனேன்.

"மேடம், பதினாலாம் பெட் பிரஷர் நான் கேட்டு எழுதல."

அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். "கேக்காம எப்படி எழுதுன?"

"காது அடைச்சிருந்துச்சு. ஒண்ணுமே கேக்கல. பயத்துல எழுதிட்டேன்."

"பயமா எழுதுச்சு? நீ எழுதுன."

நேரே பதினான்காம் படுக்கைக்கு நடந்தார். நான் பின்னால் போனேன். அவர் பட்டையைச் சுற்றிப் பார்த்தார். 168/100.

சார்ட்டில் தப்பாக எழுதியதை அழிக்கக் கூடாது, வெள்ளை பூசி மறைக்கவும் கூடாது. எண் தெரியும்படி அதன் மேல் ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தவறான பதிவு என்று எழுதி, நேரம் போட்டு, கையெழுத்திட வேண்டும். வகுப்பில் இதைப் படித்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அங்கே அதைச் செய்தேன். ஒன்பது இருபத்தாறு.

"சொல்லிட்டியா அவங்ககிட்ட?" என்றார் மேடம்.

அந்த அம்மா கூடையை மடியில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்திருந்தார்.

"நூத்தி முப்பது இல்லங்க. நூத்தி அறுபத்தெட்டு. நான் உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்" என்றேன்.

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. போனை எடுத்து மகளிடம், "வண்டி வேணாம்" என்று மட்டும் சொன்னார். கூடையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். டாக்டர் வந்து பார்த்து மாத்திரையைக் கூட்டி எழுதினார். இன்னும் இரண்டு மூன்று நாள் இருக்கட்டும் என்றார்.

மதியம் பணி முடிந்ததும் மேடம் என்னைத் தனியாக நிறுத்தினார். காதில் கேட்காவிட்டால் மணிக்கட்டு நாடியில் விரல் வைத்தே மேல் அளவை, அதாவது முதல் எண்ணைப் பார்க்கலாம், அதுவும் முடியாவிட்டால் முடியவில்லை என்று சொல்ல வேண்டும் என்றார். விரல் முறையும் நான் படித்ததுதான். காலையில் அது என் தலையில் இல்லை. "நாளைக்கும் வருவ இல்ல?" என்று கேட்டார். வருவேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் மாலைப் பேருந்து நினைவுக்கு வந்தது. வீட்டுக்குப் போன் செய்து, இந்த வாரம் விடுதியிலேயே இருக்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். நடந்ததைச் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை பதினான்காம் படுக்கைக்கு நான் போனதும் அந்த அம்மா கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"அந்தப் புள்ள வரட்டும்" என்று என் அறைத்தோழியைக் காட்டினார்.

எனக்குப் பதினைந்தாம் படுக்கையைக் கொடுத்தார்கள். அங்கே இருந்த பாட்டியின் பிரஷரை இரண்டு முறை பார்த்து, இரண்டும் ஒத்துப்போன பிறகு எழுதினேன். காது திறந்திருந்தது. கை நடுங்கவில்லை. தைரியம் வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். பயந்தது நடந்து முடிந்திருந்தது, அவ்வளவுதான். நடந்த பிறகும் நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

புதன்கிழமை என் அறைத்தோழி பதினான்காம் படுக்கையில் பார்த்து எழுதிவிட்டு நகர்ந்தாள். நான் பாட்டியின் கையிலிருந்து பட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

"ஏ மலைக்காரப் புள்ள."

திரும்பினேன்.

"இவ நூத்தி நாப்பதுங்கறா. நீயும் ஒருக்கா பாரு."

"அவ சரியாத்தாங்க பாத்திருப்பா" என்றேன்.

"பாத்திருப்பா. ஆனா தப்பாப் போனா வந்து சொல்லுவாளான்னு எனக்குத் தெரியாதுல்ல. உன்னயத் தெரியும்."

"ஏன், நான் சொல்ல மாட்டேனா?" என்று என் அறைத்தோழி முறைத்தாள்.

"நீ உன் சோலியப் பாரு தாயி" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா போர்வையை விலக்கிக் கையை நீட்டினார். முகம் இன்னும் கடுகடுவென்றுதான் இருந்தது.

பட்டையைச் சுற்றினேன். முதலில் நாடியில் விரல் வைத்து மேல் அளவைப் பார்த்துக்கொண்டேன். பிறகு ஸ்டெதஸ்கோப்பை மாட்டி, காற்றை ஏற்றி விட்டேன். 144இல் முதல் தட்டல் கேட்டது. அவர் என் வாயையே பார்த்திருந்தார். கடைசித் தட்டல் அடங்கும்வரை நான் வாய் திறக்கவில்லை.