தூக்கத்துக்கு மார்க்

உலகத்தில் இதுவரை விற்ற மின்சாதனங்கள் எல்லாம் ஒரு மைதானத்தில் கூடி மாநாடு போட்டால், கம்ப்ளெயிண்ட் அக்காவை நாடு கடத்த வேண்டும் என்பதுதான் முதல் தீர்மானமாக இருக்கும். ஃபிரிட்ஜ் முன்மொழியும், வாஷிங் மெஷின் வழிமொழியும். அவள் முறைத்த முறைப்பில் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி நின்று தன் இறக்கைகளை எண்ணிப் பார்த்துக்கொண்டது உண்டு. அவள் தொண்டையைக் கனைத்ததும் தானாக அணைந்த டிவிகளுக்குக் கணக்கே இல்லை.

வீட்டு உபயோகப் பொருட்கள் செய்யும் ஒரு பெரிய கம்பெனியில், போனில் புகார் கேட்கும் பிரிவில் அவளுக்கு வேலை. அங்கே உடன் வேலை பார்க்கிறவர்கள் வைத்த பட்டம் அது. தெருவரைக்கும் வந்து, கடைசியில் வீட்டுக்குள்ளேயும் நுழைந்துவிட்டது. வரிசையாகத் தடுப்புப் போட்ட மேசைகள், நடுவில் அவள், காதில் ஹெட்போன். காலையிலிருந்து மாலைவரை ஜனங்கள் அந்தக் காதுக்குள் அழுவார்கள்.

ஒருநாள் ஒருவர் இருட்டில் உட்கார்ந்துகொண்டு கூப்பிட்டார். போன் வழியாக எரிகிற பல்பு வாங்கியிருக்கிறார். போனில் இன்டர்நெட் இல்லை.

"சார், சுவத்துல சுவிட்ச் இருக்கா?"

"இருக்குங்க. ஆனா அதை அமுத்தினா பல்பு எல்லாத்தையும் மறந்துடும்னு போட்டிருக்கே."

"எதை சார் மறக்கும்? எரியிறதையா?"

இன்னொரு அம்மாவின் ஃபிரிட்ஜில் கதவுமேல் திரை. உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டும். அது காட்டவில்லை என்று புகார். கதவைத் திறந்து பார்க்கலாமே என்றாள் இவள். "அதுக்கா இவ்வளவு காசு குடுத்து வாங்கினேன்?" என்று அந்த அம்மா கேட்டது, யோசித்துப் பார்த்தால், நியாயம்தான்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறவளின் தலையில் தோசைக்கல்லை வைக்கலாம், அவ்வளவு சூடு. செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவாள். "முன்னாடி எல்லாம் சாமான் கெட்டுப்போனா போன் பண்ணுவாங்க. இப்ப சாமான் நல்லாத்தான் இருக்கு, வாங்கினவங்க கெட்டுப்போய் போன் பண்றாங்க."

இப்படிப்பட்டவள் வீட்டுக்குள்தான் அந்த வாட்ச் வந்தது.

கொண்டுவந்தவன் அவளுடைய சொந்தத் தம்பி. மின்னணுச் சாமான் கடையில் விற்பனையாளன். புதிதாக எது வந்தாலும் அடுத்த வாரம் அவன் கையிலோ காதிலோ தொங்கும். வீட்டில் அவனுக்குப் பெயர் அப்டேட். அந்தப் பெயரை வைத்தவள் அக்காவின் பிளஸ் டூ படிக்கிற மகள், வால் என்று எல்லோராலும் செல்லமாகவும் அம்மாவால் மட்டும் செல்லமில்லாமலும் அழைக்கப்படுகிற, அறிவும் அடக்கமும் ஒருங்கே அமைந்த பெண்.

"மாமா, இது சாதா வாட்ச் இல்ல," என்றான் அப்டேட், அக்காவின் கணவர் கையில் அதைக் கட்டிவிட்டபடி. "நீங்க தூங்குறதுக்கு மார்க் போடும். நூத்துக்கு."

கணவர் பஸ் ஓட்டுகிறவர். பள்ளியில் எந்தப் பரீட்சையிலும் மார்க் என்று சொல்லிக்கொள்ளும்படி வாங்காத மனிதர். படுத்துக்கிடந்தால் மார்க் வரும் என்றதும் முகம் பூரித்துப்போனது.

"எதுக்குடா தூங்குறவருக்குப் பரீட்சை?" என்றாள் அக்கா.

"உனக்குப் புரியாதுக்கா. நீ புகார் புத்தி."

அந்த மனிதரின் தூக்கம் எப்படிப்பட்டது என்பது அக்கம்பக்கம் எல்லாருக்கும் தெரியும். அவருடைய குறட்டை தாங்காமல்தான் அவரை முன்னறை சோபாவுக்கு மாற்றியிருந்தார்கள். சுவர் தாண்டியும் அது வரும், லாரி கியர் மாற்றுவதுபோல. காலையில் எழுந்து சோம்பல் முறித்தால் எலும்பு ஒவ்வொன்றும் நன்றி சொல்லும். அப்படி எழுந்தவர் முதல் நாள் வாட்சைப் பார்த்தார். ஐம்பத்திரண்டு.

முறித்த சோம்பல் பாதியில் நின்றது. மெல்ல சோபாவில் உட்கார்ந்தார்.

"என்னங்க?"

"நான் சரியாத் தூங்கலயாம்."

"யாரு சொன்னா?"

கையை நீட்டிக் காட்டினார். ஆழ்ந்த தூக்கம் போதவில்லை, இன்று கடினமான வேலைகளைத் தவிர்க்கவும் என்று எழுதியிருந்தது. மற்ற நாளாக இருந்தால் பாட்டுப் பாடிக்கொண்டே குளிக்கப் போயிருக்க வேண்டியவருக்கு இப்போது கண் எரிந்தது, தோள் வலித்தது. கடினமான வேலை என்றால் பஸ் ஓட்டுவதுதானே? அன்று லீவு போட்டார்.

அடுத்தது நாற்பத்தெட்டு. அதற்கும் ஒரு லீவு. அறுபது வந்த நாளில் வேலைக்குப் போனார், ஆனால் போகிற வழியெல்லாம் தனக்கு அறுபதுதான் என்ற நினைப்பிலேயே ஓட்டினாராம். அக்கா வாட்ச் கம்பெனியின் புகார் எண்ணைக் கூப்பிட்டாள். மறுமுனையில் ஒரு பெண், இவள் பேசுகிற அதே குழைவில், "ஒரு நிமிஷம் மேடம், பார்த்துச் சொல்றேன்" என்றாள். கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் கேட்கும்போது யாரும் எதையும் தேடுவதில்லை என்பது அக்காவுக்கு நன்றாகவே தெரியும். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னும் கொஞ்சம் இறுக்கமாக் கட்டச் சொல்லுங்க மேடம்" என்று பதில் வந்தது.

இறுக்கமாகக் கட்டினார். நாற்பத்தொன்று.

தம்பியைக் கூப்பிட்டுத் திட்டினாள். "வாட்ச் தப்பாச் சொல்லாதுக்கா. மாமாவோட தூக்கத்துலதான் தரம் இல்ல," என்றான் அவன்.

"தரமில்லாத தூக்கத்துக்கு எதுக்குடா அத்தனை குறட்டை?"

ஒருநாள் வாட்சை அரிசி டப்பாவுக்குள் ஒளித்துவைத்தும் பார்த்தாள். அன்று ராத்திரி அவர் நிஜமாகவே தூங்கவில்லை. எவ்வளவு தூங்குகிறோம் என்று தெரியாமல் எப்படித் தூங்குவது என்ற கவலையில் முன்னறையில் நடந்துகொண்டே இருந்தார். விடிந்ததும் அவளே அதை எடுத்துக் கொடுத்துவிட்டாள். மறுநாள் டிப்போவில் மேனேஜர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: இன்னொரு நாள் இப்படித் திடீர் லீவு போட்டால் காலை பஸ் வேறு ஆளுக்குப் போய்விடும், நீ கழுவும் கொட்டகையில் வண்டிகளை முன்னே பின்னே நகர்த்திக்கொண்டிரு.

அந்தக் காலை பஸ் அவருக்குச் சும்மா வந்ததில்லை. பல வருஷம் ராத்திரி வண்டி ஓட்டிய பிறகு கிடைத்தது. எந்த நிறுத்தத்தில் எந்தக் கிழவர் ஓடி வருவார், எந்தப் பிள்ளை பையை மறந்துவிட்டு இறங்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். கழுவும் கொட்டகையில் பேச்சுத் துணைக்குக்கூட ஆள் கிடையாது, சோப்பு நுரைதான். அன்று சாயங்காலம் அவர் யாரோடும் பேசாமல் சாப்பிட்டார். எதிரில் வால் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை எண்பத்தொன்பது வந்தது.

"ஏம்மா, இங்க வா," என்று கத்தினார். "எண்பத்தொன்பது."

அதற்கடுத்து தொண்ணூற்றிரண்டு. பிறகு தொண்ணூற்று நான்கு. மனிதர் விசில் அடித்துக்கொண்டு ஷூவுக்குப் பாலிஷ் போட்டார். புதுத் தலையணை உறைதான் காரணம் என்றார். புதிதாக வந்த சாஃப்ட்வேர்தான் காரணம் என்றான் அப்டேட். டிப்போவில் மற்ற டிரைவர்களுக்கெல்லாம் தூக்கத்தைப் பற்றிப் பாடம் எடுக்க ஆரம்பித்தார். வீட்டில் மனைவியைப் பரிதாபமாகப் பார்த்து, "உனக்கும் ஒண்ணு வாங்கித் தரேன், நீ எவ்வளவு மோசமாத் தூங்குறேன்னு தெரிஞ்சுக்கலாம்," என்றார்.

அக்காவுக்குப் பல்லைக் கடிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. குறட்டை அதே குறட்டை. சத்தம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பிறகு இந்த மார்க் மட்டும் எங்கிருந்து வருகிறது? மோசமாக இருந்தபோது அந்த வாட்சைத் திட்டவாவது முடிந்தது. இப்போது அதுவும் போயிற்று. வீட்டில் எல்லாரும் அதைக் கொண்டாடுகிறார்கள், இவள் மட்டும் புகார் புத்தி.

பத்துப் பன்னிரண்டு நாள் இப்படிப் போயிருக்கும். ஒரு காலை சமையலறையில் நின்றவளுக்கு முன்னறையிலிருந்து முனகல் கேட்டது. போய்ப் பார்த்தால், கணவர் சோபாவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வாட்ச் தலையணை ஓரம் கிடக்கிறது.

"முப்பத்தொண்ணு," என்றார். "அது போகட்டும். இங்க பாரு. ராத்திரி பன்னெண்டுலேர்ந்து ஒன்றரை வரைக்கும் என் இதயம் என்ன ஓட்டம் ஓடியிருக்குன்னு பாரு. கோடு மேல மேல போகுது. அதுல வாட்சே கழண்டு விழுந்திருக்கு."

"நெஞ்சு வலிக்குதா?"

"இதைப் பார்க்கிற வரைக்கும் வலிக்கல."

போனை எடுத்தார். டிப்போவுக்குச் சொல்லிவிடுகிறேன், இந்த இதயத்தோடு அத்தனை ஜனங்களை ஏற்றிக்கொண்டு போக மாட்டேன் என்றார். அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். போன் போனால் பஸ் போச்சு. ஒருவேளை நிஜமாகவே இதயம் என்றால்?

அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். ஒழுங்காக அடித்தது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அவள் விழித்திருந்தாள், தண்ணீர் குடிக்க எழுந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் லாரி கியர் மாற்றிக்கொண்டிருந்ததை இரண்டு காதாலும் கேட்டாள். அப்படிக் குறட்டை விடுகிறவர் இதயம் எதற்கு ஓடுகிறது?

வாட்சை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். கழன்று விழுந்ததாம். ஆனால் பட்டை பூட்டியபடியே இருந்தது, ஒரு வளையல்போல.

"போனை வைங்க. இதுக்குள்ள கைய விடுங்க."

விட்டார். நான்கு விரல் போனது, அதற்குமேல் போகவில்லை. தள்ளிப் பார்த்தார். அவருடைய கை பஸ் டயர் கழற்றிய கை, விரல் முட்டியிலேயே நின்றுவிட்டது.

"சின்னதாயிடுச்சே," என்றார்.

"பட்டை சின்னதாகல. இது உங்க கை அளவே இல்ல." அக்கா அதை அவர் விரலிலிருந்து உருவி எடுத்தாள். "இத்தனை நாளா நீங்க வாங்கினது உங்க மார்க்கும் இல்ல."

அவர் புரியாமல் பார்த்தார். அப்புறம் மெல்லத் தலையைத் திருப்பிச் சாப்பாட்டு மேசையைப் பார்த்தார். அங்கே வால், வழக்கத்துக்கு மாறாக, தட்டில் இருந்த ரொட்டியை மிகுந்த மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீயா?"

"நீங்க தூங்கினப்புறம் கழட்டிக்குவேன்," என்றாள் அவள் ரொட்டியிடம். "காலைல அலாரத்துக்கு முன்னாடி திரும்பக் கட்டிடுவேன். இன்னிக்குத்தான் எந்திரிக்க லேட்டாயிடுச்சு, கட்ட நேரமில்லாம தலையணைகிட்ட வெச்சுட்டேன். எனக்குத்தான் எப்பவும் நல்லாத் தூக்கம் வருதே, சும்மா வீணாப் போகுதேன்னு."



"அப்ப இத்தனை நாள் நான் என்ன தூங்கினேன்?" என்றார் அவர்.

"எப்பவும் தூங்குறதைத்தான்," என்றாள் அக்கா. "வண்டி எங்கயாவது இடிச்சுதா?"

"இல்ல."

"ஓட்டும்போது கொட்டாவி வந்துச்சா?"

யோசித்தார். "இல்ல."

"வீட்டுல கிடந்த நாள்லதான் சுருண்டு சுருண்டு படுத்தீங்க. ஓட்டின நாளெல்லாம் விசில் அடிச்சிட்டுதான் வந்தீங்க. நேரமாச்சு, கிளம்புங்க. ஜனங்க நிப்பாங்க."

அவர் போனைப் பையில் போட்டார். சட்டையை மாட்டினார். வாட்சைத் தொடவில்லை. வாசலுக்குப் போனவர் திரும்பி வந்து மகள் தலையில் ஒரு குட்டு வைத்தார், வலிக்காத குட்டு.

"தொண்ணூத்தி நாலுடி," என்றார். "நம்ம வம்சத்துலயே யாரும் வாங்கினதில்ல."

பஸ் டிப்போ இருக்கிற திசையில் அவர் ஷூ சத்தம் தேய்ந்தது. அக்கா வாட்சைக் கையில் வைத்துக்கொண்டு மகளுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வாலுக்குத் தன் காரியம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்ற நிம்மதி. பாராட்டு வரும் என்றுகூட எதிர்பார்த்தாள்.

"நான் சொல்லலாம்னுதான் இருந்தேன்மா."

"அதை விடு." அக்கா திரையைத் தேய்த்து அந்தக் கோட்டைப் பெரிதாக்கினாள். பன்னிரண்டு மணிக்கு ஏறி, ஒன்றரை வரைக்கும் இறங்காமல் நின்ற கோடு. "உங்கப்பா இதயம் நல்லா இருக்கு. அப்ப இது யாரோட இதயம்?"

வால் ரொட்டியைத் தட்டில் வைத்தாள்.

"படிச்சிட்டிருந்தேன்."

"எட்டு வருஷமா போன்ல குரலைக் கேட்டே பொய்யைப் பிடிக்கிறவ நான். படிச்சா உனக்கு இதயம் நின்னுபோகும், ஓடாது." அக்கா வாட்சை இருவருக்கும் நடுவில் மேசைமேல் வைத்தாள். "உன் மாமன் இந்த வீட்டுக்குக் கொண்டுவந்ததுலயே இது ஒண்ணுதான் குடுத்த காசுக்கு உழைச்சிருக்கு. சொல்லு. யாரு அந்தப் பையன்?"