பெயர் குறிப்பிடுக

என் மகளுக்கு நாடகப் பாடத்தில் இருபதுக்கு ஏழு புள்ளி. ஏழு வாங்கியதற்காக நான் கொதிக்கவில்லை. நான் படித்த காலத்தில் ஏழு என்பது வீட்டில் தைரியமாகக் காட்டக்கூடிய புள்ளி. கொதித்தது, ஓரத்தில் சிவப்பு மையில் இருந்த வரியைப் பார்த்து. எந்த நாட்டிலோ, எந்தக் காலத்திலோ, சூனியக்காரிகள் என்று சொல்லிப் பெண்களைத் தூக்கில் போட்ட கதை அந்த நாடகம். அந்தச் சாவுகளுக்குப் பெரிதும் பொறுப்பான பாத்திரம் யார் என்பது கேள்வி. வகுப்பில் எல்லாரும், முதன்முதலாக விரலை நீட்டிப் பெயர் சொன்ன சிறுமியை எழுதியிருக்கிறார்கள். எழுதியவர்களுக்குப் பதினைந்து, பதினாறு என்று அள்ளிக் கொடுத்திருக்கிறார்கள். என் மகள் ‘ஊரார்’ என்று எழுதினாள். அதற்குத்தான் அந்தச் சிவப்பு வரி: ‘ஊரார் ஒரு பாத்திரம் அல்ல. பெயர் குறிப்பிடுக. திங்கட்கிழமை திருத்தி எழுதி வரவும்.’

“நீங்க சொல்லித்தானே எழுதுனேன். இப்ப பாருங்க,” என்று தாளை என் தையல் மெஷின்மேல் போட்டுவிட்டுப் போனாள்.

சொன்னது நான்தான், மறுக்கவில்லை. ஹட்டனில் ரவிக்கை தைத்துப் பிழைக்கிறவளுக்கு நாடகத்தைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். நாடகத்தைப் பற்றி அதிகம் தெரியாது. ஆனால் அந்தச் சிறுமியைப் பற்றித் தெரியும்.

தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அளவு கொடுக்க வந்த ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலைப் பையைத் திறந்தாள். புகையிலையும் சுண்ணாம்பும் கலந்த வாசம். பிறருக்கு அது வெற்றிலை வாசம், எனக்கு அட்டை வாசம். மழைக்காலத்தில் தேயிலை மலைக்குள் இறங்கியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கால் வைத்ததும் எங்கிருந்துதான் வருமோ, விரலிடுக்கு, கெண்டைக்கால் என்று பார்த்துப் பார்த்து ஏறி இரத்தம் குடிக்கும். கொழுந்தெடுக்கிற ஒவ்வொரு பெண்ணும் அதற்கு ஒரு மருந்து வைத்திருப்பாள். உப்பு, புகையிலைத் தூள், கொஞ்சம் சுண்ணாம்பு, மூன்றையும் பழந்துணியில் இறுக்கி முடிந்து மடியில் செருகிக்கொள்வது. தண்ணீரில் நனைத்துக் காலில் தேய்த்தால் அட்டை கிட்டே வராது, வந்ததைத் தொட்டால் சுருண்டு விழுந்துவிடும். எங்கள் லயத்தில், அந்த நீள வரிசை வீடுகளில், காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிற பெண்களில் அந்த முடிச்சு இல்லாதவள் ஒருத்தியும் கிடையாது. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு கேட்பேன்.

எனக்கு ஒன்பது வயது. அடுத்த காம்பரா வீட்டில் ராக்கம்மா அத்தை இருந்தாள். சொந்த அத்தை இல்லை, லயத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் எல்லாரும் அத்தையும் மாமாவும்தான். வேலையில் வேகக்காரி, வாயில் அதைவிட வேகம். கோயில் திருவிழாவுக்கு விடிய விடியப் பாட்டுப் போட்டார்கள் என்று, கமிட்டித் தலைவரை பீலிக்கரையில் நிறுத்தி, “ஏங்க, ஒங்க மாரியாத்தாவுக்குக் காது மந்தமா?” என்று கேட்டவள். தண்ணீர் பிடிக்க நின்ற அத்தனை குடமும் சிரித்ததாம். தலைவர் சிரிக்கவில்லை.

அந்த வருடம் நான் படுத்துவிட்டேன். சோறு இறங்கவில்லை, வயிறு உப்பி, கண் உள்ளே போய், மூன்று வாரம். தோட்டத்து மருந்து கேட்கவில்லை. அம்மா மீனாட்சி வேலைக்குப் போவதா, என்னைப் பார்ப்பதா என்று தடுமாறிக்கொண்டிருந்தாள். ராக்கம்மா அத்தை மலையிலிருந்து நேராக எங்கள் காம்பராவுக்குள் வந்து, என்னைத் தூக்கி மடியில் சாய்த்து, கஞ்சியை வாயில் ஊற்றிவிட்டுப் போவாள். நான் துப்பினால் இரண்டு திட்டுத் திட்டிவிட்டு மறுபடி ஊற்றுவாள். அப்படி ஒரு நாள் குனிந்து நிமிர்ந்ததில் அவள் மடியில் இருந்த முடிச்சு எங்கள் வாசல்படியோரம் விழுந்துவிட்டது. அவள் கவனிக்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கமிட்டித் தலைவரே ஏற்பாடு செய்து உடுக்கடித்துக் குறி சொல்கிற கோடாங்கியைக் கூட்டிக்கொண்டு வந்தார். பட்டப்பகல். இஸ்தோப்பில், வாசல் தாழ்வாரத்தில், என்னைப் பாயில் கிடத்தியிருந்தார்கள். லயத்துப் பெண்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள். கோடாங்கி சுற்றும் முற்றும் பார்த்து, வாசல்படியோரம் குனிந்து, அந்த முடிச்சை இரண்டு விரலால் எடுத்தார். செய்வினை என்றார். உடுக்கு எகிறியது. யாருடையது என்று பிள்ளை வாயாலேயே வரட்டும் என்றார்.

“சொல்லு தாயி, இது யாரோடது?”

எனக்குத் துணியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. சிவப்பில் வெள்ளைப் புள்ளி, அத்தையின் கிழிந்த ரவிக்கைத் துணி. தினமும் அந்த மடியில்தானே தலை வைத்துக் கஞ்சி துப்பினேன்? துணியை மறக்காத புத்தி எனக்கு அப்போதே இருந்திருக்கிறது, பின்னால் தையல்காரியானது சும்மா இல்லை. “ராக்கு அத்தையோடது,” என்றேன். கையையும் நீட்டினேன். அவள் கூட்டத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

பொய்யில்லை. யாருடையது என்று கேட்டார்கள், சொன்னேன். என்ன என்று கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? அங்கே நின்ற ஒவ்வொரு பெண்ணுக்கும் அது என்னவென்று தெரியும். அவர்கள் ஒவ்வொருவரிடமும் அதே உப்பு, அதே புகையிலை, அதே சுண்ணாம்பு இருந்தது. நினைவில் வைக்கச் சொன்னேனே, இதற்குத்தான்.

ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. என் தலைமாட்டில் நின்ற அம்மாவும் திறக்கவில்லை.

தலைவர், முனியாண்டி கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னார். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, நான் செய்யவில்லை என்று சொல்ல வேண்டும். ராக்கம்மா அத்தை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, “நா எதுக்குச் சூடம் அணைக்கணும்? பொருளத் தொலைச்சவ நா. திருப்பிக் குடுங்க, நாளைக்கு மலைக்குப் போவணும்,” என்றாள். கொடுக்கவில்லை. எலுமிச்சம்பழத்தோடு சேர்த்து எரித்தார்கள்.

அதற்குப் பிறகு பீலியில் அவள் குடம் வைத்தால் மற்றக் குடங்கள் நகர்ந்தன. மலையில் அவளுக்குப் பக்கத்துத் தேயிலை நெரையில் நிற்க ஆளில்லை. அடுப்புக்கு ஒரு கங்கு நெருப்புக் கொடுக்க ஆளில்லை. ஒரு மாதத்தில் புருஷனோடு, இரண்டு தகரப் பெட்டியோடு, லொறி ஏறி உடப்புசல்லாவைப் பக்கம் அவள் அண்ணன் இருந்த தோட்டத்துக்குப் போய்விட்டாள். நான் எப்படித் தேறினேன் என்கிறீர்களா? வயிற்றில் பூச்சி. டவுன் ஆஸ்பத்திரியில் ஒரு கரண்டி பூச்சி மருந்து கொடுத்தார்கள். அவ்வளவுதான்.

நான்கு வருடம் கழித்து எங்கள் பள்ளிக்கூடத்துப் பரிசளிப்பு விழாவுக்கு சிவபாக்கியம் டீச்சர் ஒரு நாடகம் எழுதினார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், குளிருக்கு இரண்டு சுவெட்டர் போடுவார். மகள் படிக்கிற நாடகம் இல்லை அது, ஆனால் அதே சாதி: வெளிநாட்டுக் கிராமம், ஒரு சிறுமி கை நீட்டுகிறாள், ஒரு பெண்ணைச் சூனியக்காரி என்று தூக்கில் போடுகிறார்கள். டீச்சர் வகுப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “உமக்குத்தான் குரல் எடுபடும். நீர்தான் அந்தப் பெட்டை,” என்று என்னைப் பிடித்தார். நான் வேண்டாம் என்றேன், டீச்சர் கேட்கவில்லை.

நீதிபதியின் தலைமுடிக்குத் தலையணைப் பஞ்சு ஒட்டினோம், அது ஒத்திகை முழுவதும் அவன் மூக்கில் போய்த் தும்ம வைத்தது. ஊராராகப் பன்னிரண்டு பேர், வீட்டிலிருந்து அம்மாமார் மழைக்குப் போடுகிற கம்பளியைக் கொண்டுவந்து போர்த்திக்கொண்டார்கள். அவர்களுக்கு நாடகம் முழுக்க ஒரே வசனம், “ஆமாம், ஆமாம்!” அவர்களில் யாருக்கும் பெயர் இல்லை. மனப்பாடம் செய்ய ஒன்றுமில்லை என்று எல்லாப் பிள்ளைகளும் அந்தப் பாத்திரத்துக்குத்தான் அடித்துக்கொண்டார்கள்.

விழாவன்று தோட்டத்தில் அரை நாள் விட்டார்கள். பெண்கள் மலையிலிருந்து அப்படியே வந்து மண்டபத்தில் உட்கார்ந்தார்கள், கால் சேறுகூடக் காயவில்லை. முன்வரிசையில் கமிட்டித் தலைவர். நாடகம் முடிந்ததும் டீச்சர் ஒரு புதுமை வைத்திருந்தார். சபையே தீர்ப்புச் சொல்ல வேண்டும்: குற்றவாளி நீதிபதியா, பாதிரியாரா, சிறுமியா? கை தூக்குங்கள். நீதிபதிக்கு நாலைந்து கை. பாதிரியாருக்கு ஒன்றுமில்லை. சிறுமி என்றதும் மண்டபம் முழுக்கக் கை எழுந்தது. மூன்றாவது வாங்குப் பலகையில் அம்மாவின் கையும் எழுந்தது.

இப்போது நான் மண்டியிட்டு, ‘குற்றம் என்னுடையதே, மன்னியுங்கள்’ என்று சொல்ல வேண்டும். இரண்டு வாரம் பயிற்சி செய்த வசனம். அம்மாவின் கையைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. மண்டியிடவில்லை.

“தூக்குன கைய அப்புடியே மடிக்குள்ள விட்டுப் பாருங்க,” என்றேன். “என்னா இருக்குன்னு வெளிய எடுத்துக் காட்டுங்க. ராக்கு அத்தையோடது மட்டுந்தான் செய்வினையா? அப்ப ஒங்களுது என்னா?”

முதலில் யாரோ சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. டீச்சர் மேடையோரத்திலிருந்து, “என்னடி அது? மடியில என்ன கிடக்கு?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பாவம், அவருக்கு அட்டையும் தெரியாது, முடிச்சும் தெரியாது. நாடகத்தைக் குலைத்ததற்காக எனக்குப் பரிசு இல்லை என்றாகிவிட்டது. தலைவர் பள்ளி அதிபரிடம் போய்க் கத்தினார். வருத்தமில்லை. இன்றைக்கு மேடையில் ஏற்றினாலும் அதையேதான் சொல்வேன்.

வீட்டில் அடி நிச்சயம் என்று எதிர்பார்த்தேன். அம்மா அடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் தலையை வாரிக்கொண்டு, “கெளம்பு,” என்றாள். நுவரெலியாவில் பஸ் மாறி, ராகலையில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்து, அந்தத் தோட்டத்தைக் கண்டுபிடித்துப் போனோம். ராக்கம்மா அத்தை வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். தலை நரைத்திருந்தது. எங்களைப் பார்த்துவிட்டுக் கத்தியைக் கீழே வைக்காமலே நின்றாள்.

அம்மா மடியிலிருந்து தன் முடிச்சை எடுத்து, அவிழ்த்து, அவள் முன்னால் கல்லின்மேல் விரித்து வைத்தாள். உப்பு, புகையிலை, சுண்ணாம்பு. அத்தை கத்தியைக் கீழே வைத்தாள்.

“இத அன்னைக்கு அவுத்துக் காட்டியிருந்தா போதுமே, மீனாச்சி.”

“பயமா இருந்துச்சு,” என்றாள் அம்மா.

“எனக்குந்தான் இருந்துச்சு.”

அம்மா அழுதாள். அத்தை அழவில்லை. தேத்தண்ணி வைத்துக் கொடுத்தாள். வயிறு இப்போது எப்படி இருக்கிறது என்று என்னைக் கேட்டாள். பூச்சிதான் என்றேன். “பூச்சிக்கா இம்புட்டும்!” என்று அவள் சிரித்த சிரிப்பில் பழைய பீலிக்கரை ராக்கம்மா ஒரு நொடி வந்துவிட்டுப் போனாள். கிளம்பும்போது நான் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, என்மேல் கோபமா என்று கேட்டேன்.

“இல்லைன்னு சொல்லமாட்டேன்,” என்றாள். “ஆனா எல்லாருக்கும் கடைசில நீ வர்ற.”

எங்கள் தோட்டத்துக்கு அவள் திரும்பி வரவே இல்லை. கூப்பிட அம்மாவுக்கும் வாய் வரவில்லை. இப்போது அங்கே போனால் உங்களுக்குக் காட்ட என்னிடம் ஒன்றுமில்லை. மண் சரியும் என்று லயத்தை இடித்து, எதிர் மேட்டில் தனி வீடுகள் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். பீலி இருந்த இடத்தில் குழாய். கோடாங்கி செத்து, அவர் மகன் டவுனில் முச்சக்கர வண்டி ஓட்டுகிறான், நல்ல பையன். முடிச்சும் போய்விட்டது. பெண்கள் சவர்க்காரத்தைக் காலில் பூசிக்கொண்டு மலைக்கு இறங்குகிறார்கள். ராக்கம்மா அத்தை போய்ச் சேர்ந்துவிட்டாள், அம்மாவும் போய்விட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை இஸ்தோப்பில் நின்றவர்களில் மூன்று நான்கு பேர்தான் மிச்சம். கேட்டால், அப்படி ஒன்று நடந்ததாகவே தெரியாது என்கிறார்கள்.

எனக்குத் தெரியும். யார் எங்கே நின்றார்கள் என்பதுகூடத் தெரியும்.

மகளைக் கூப்பிட்டேன். பேனாவையும் புதுத் தாளையும் எடுத்து வரச் சொன்னேன்.

“டீச்சர் பேர் கேட்டாங்கல்ல? எழுது, சொல்றேன்.”

“அந்த நாடகத்துல ஊராருக்குப் பேரே இல்லம்மா.”

“எனக்குத் தெரிஞ்ச ஊராருக்கு இருக்கு. மொதப் பேரு, மீனாட்சி.”

எழுதினாள். எழுதிவிட்டு நிமிர்ந்தாள்.

“இது அம்மாயி பேருல்ல?”

“ஆமா. எழுது, இன்னும் இருக்கு. என் பேரக் கடைசில போடு.”