கைக்கு ஏறாத வளையல்

என் மனைவியின் பெயர் குளோரியா. எங்கள் ஊரில் இது யாருக்கும் தெரியாது. எல்லாருக்கும் அவள் ஆஷா அக்கா. கர்ப்பிணிகளைப் பதிவு செய்வது, குழந்தைகளைத் தடுப்பூசிக்குக் கூட்டி வருவது, இரும்புச்சத்து மாத்திரையைக் கையில் கொடுத்து, விழுங்குகிற வரைக்கும் எதிரே நிற்பது, இதெல்லாம் ஆஷா பணியாளருக்கு அரசாங்கம் கொடுத்திருக்கும் வேலை. அவள் கணவன் சிரிலுக்கு, அதாவது எனக்கு, அரசாங்கம் எந்த வேலையும் கொடுக்கவில்லை. ஆனாலும் என் ஆட்டோவில் பிள்ளைத்தாய்ச்சி ஏறாத வாரம் கிடையாது.

ஊர் என்றால், பொம்மசந்திராவுக்குப் பின்னால் ஃபாக்டரி சுவர்கள் முடிந்து ராகி வயல் தொடங்குகிற இடத்தில் இருக்கும் கிராமம். பாதிப் பேர் பரம்பரையாக இருக்கும் கன்னடக்காரர்கள். மீதி, தருமபுரி, திருப்பத்தூர் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து லைன் வீடுகளில் வாடகைக்கு இருக்கும் நம் ஆட்கள். நான் அல்சூரில் பிறந்தவன். அங்கே வாடகை கட்டுப்படியாகாமல் இங்கே வந்து சேர்ந்தேன்.

குளோரியா பயந்த சுபாவம். ஊரில் ஒரு குழந்தை இருமினால் இவளுக்குச் சோறு இறங்காது. "ஊர்ல இருக்கற வயித்துக்கெல்லாம் சேத்து நீ ஒருத்தியே நெருப்பைக் கட்டிக்கிட்டிரு" என்று நான் கேலி செய்வேன். அப்படிப்பட்டவளே ஒரு தடவை கோட்டை விட்டாள். கோட்டை விட்ட இடம் ஒரு வளைகாப்பு.

சிந்துவுக்கு அது தலைப்பிரசவம். அவள் கணவன் பரத்துக்கு ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. ஒன்பதாம் மாதத்து வளைகாப்புக்கு அவர்கள் குறித்த நாளும், சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கு மாதப் பரிசோதனை நடக்கும் நாளும் ஒன்றாகப் போய்விட்டது. நல்ல நாளை மாற்றுங்கள் என்று யார் போய்ச் சொல்வது? அடுத்த வாரம் கூட்டிப் போகலாம் என்று குளோரியா விட்டுவிட்டாள். விசேஷ வீட்டுக்கு பி.பி. மெஷினைத் தூக்கிக்கொண்டு போனால் நன்றாகவா இருக்கும்? பூவும் பழமுமாகப் போனாள்.

அங்கே ஒரு சின்னக் கலாட்டா. சிந்துவின் அம்மா சொர்ணம், மகளுடைய வழக்கமான அளவில், ரெண்டு நாலு சைஸில், ஊரிலிருந்து கண்ணாடி வளையல் வாங்கி வந்திருந்தார். ஒன்றுகூடக் கைக்கு ஏறவில்லை. பரத் பைக்கை எடுத்துக்கொண்டு சந்தாபுரா வரை ஓடி, அதைவிடப் பெரிய ரெண்டு எட்டு சைஸ் வாங்கி வந்தான். அதையும் குளோரியாதான் எண்ணெய் தடவி, விரல்களைக் கூட்டிப் பிடித்து ஏற்றிவிட்டாள். "புள்ள நல்லா பூசுனாப்ல ஆயிட்டா" என்று ஒருத்தி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். சொர்ணத்துக்குப் பெருமை தாங்கவில்லை. குளோரியாவும் சேர்ந்துதான் சிரித்தாள்.

அதற்கு இரண்டு நாள் கழித்துக் காலையில் எனக்குத் தோசை ஊற்றிக்கொண்டிருந்தவள், கரண்டியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏங்க, போன மாசம் சிந்து கையில ரெண்டு நாலு வளையல்தான் கெடந்துச்சு. லூசா ஆடும். ஒரு மாசத்துல எப்படிங்க ரெண்டு எட்டே ஏற மாட்டேங்குது?"

"நல்லா சாப்ட்டிருப்பா. தோசை தீயுது பாரு."

"சாப்பாடு இல்லீங்க, அது வீக்கம். பி.பி. ஏறிச்சுன்னா கையும் மூஞ்சியும் ஊதும். அப்புறம் ஃபிட்ஸ் வரும். அப்படி வந்துச்சுன்னா அவளும் புள்ளையும்..."

மேலே சொல்லவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு ஃபோனை எடுத்தாள். சிந்துவின் ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. பரத்துக்குப் போட்டாள், அவன் எடுத்தான். மெஷின் சத்தத்துக்கு நடுவே அவன் கத்திப் பேசியது எனக்கே கேட்டது.

"அத்தை வந்து கூட்டிட்டுப் போறாங்கக்கா, பிரசவத்துக்கு. இப்பத்தான் கெளம்பினாங்க. சந்தாபுரால பஸ் ஏறுவாங்க."

"எப்படிப்பா இருந்தா?"

"தலைவலின்னு சொன்னா. வெயில்தானேக்கா?"

குளோரியா பி.பி. மெஷினை எடுத்துக்கொண்டு, செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினாள். நான் சாப்பிட்ட கையைக் கழுவாமல் ஆட்டோவை எடுத்தேன். வழியெல்லாம் கம்பெனி பஸ்கள். ஒவ்வொன்றையும் திட்டிக்கொண்டே ஓட்டினேன். பின்னால் அவள், "பாத்துக்கிட்டேதான் போட்டுவிட்டேன், இந்தக் கையாலதான் போட்டுவிட்டேன்" என்று புலம்பிக்கொண்டே வந்தாள். என் பயத்தைக் காட்டாமலிருக்க இன்னும் சத்தமாகத் திட்டினேன்.

பஸ் ஸ்டாப்பில் அவர்கள் இருந்தார்கள். சிந்து பெட்டியின் மேல் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முகம் ஊதியிருந்தது. குளோரியா நேரே போய் அவள் புஜத்தில் மெஷினின் பட்டையைச் சுற்றினாள். பார்த்தாள். கழற்றி, மற்றக் கையில் சுற்றி மறுபடி பார்த்தாள். எனக்கு அந்த மெஷின் தெரியாது, என் மனைவியின் முகம் தெரியும். நான் ஆட்டோவை ஸ்டார்ட் செய்தேன்.

"நூத்தி எழுபதுக்கு மேல இருக்கும்மா. இப்பவே ஆஸ்பத்திரி போகணும்."

சொர்ணம் மகளுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். "நல்ல நேரம் பாத்து வாசப்படி தாண்டியாச்சு தாயி. தாய் வீட்டுக்குப் பொறப்பட்ட புள்ள பாதி வழியில திரும்பக் கூடாது. ஊருக்குப் போனதும் மொத வேலையா டாக்டர்கிட்ட காட்டறேன்."

"ஊரு வரைக்கும் தாங்காதும்மா."

"அப்படியெல்லாம் வாயால சொல்லாதீங்க!"

ஓசூர் பஸ் வந்து நின்றது. சொர்ணம் பையைத் தூக்கினார். குளோரியா அவர் கையைப் பிடித்தாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"யாரும்மா உங்களைத் திரும்பச் சொன்னது? பெரிய ஆஸ்பத்திரி இந்த ரோட்லயேதான், ஓசூர் போற வழியில இருக்கு. என் ஆட்டோ மூஞ்சி எந்தப் பக்கம் இருக்குன்னு பாருங்க!"

அவர் ஆட்டோவைப் பார்த்தார், பஸ்ஸைப் பார்த்தார். அப்போது சிந்து, "அம்மா, கண்ணு மங்கலா தெரியுதும்மா" என்றாள். சொர்ணம் பஸ்ஸைப் போக விட்டுவிட்டு, மகளைத் தூக்காத குறையாக ஆட்டோவில் ஏற்றினார்.

அந்த ரோட்டில் எத்தனை வருஷமாக ஓட்டுகிறேன், அன்றைக்கு மாதிரி நான் பயந்ததில்லை. வேகமாகப் போனால் தூக்கிப் போடும், மெதுவாகப் போனால் நேரம் போகும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் மாதாவைக் கூப்பிட்டேன்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே நர்ஸ் சிந்துவைப் பார்த்துவிட்டு, "பேகா பேகா" என்று ஸ்ட்ரெச்சரைச் சீக்கிரம் கொண்டுவரச் சொல்லிக் கத்தினார். மருந்து ஏற்றக் கையில் ஊசி போட வேண்டும், வளையல்கள் மணிக்கட்டை இறுக்கிக்கொண்டிருந்தன. அவற்றை உடைக்க நர்ஸ் கத்தரியை எடுத்ததும் சொர்ணம் பதறிவிட்டார். புள்ள பொறக்கறதுக்குள்ள உடைக்காதீங்க என்று கும்பிட்டார். நர்ஸுக்குத் தமிழ் புரியவில்லை, கும்பிட்டது புரிந்தது. "ஒந்து நிமிஷா" என்று ஒரு நிமிஷம் கொடுத்தார். குளோரியா சோப்புத் தண்ணீரைத் தடவி, ஒவ்வொன்றாகக் கழற்றினாள். இரண்டு உடைந்து அவள் உள்ளங்கையைக் கிழித்தன. சிந்துவின் கையில் ஒரு கீறல் இல்லை.

அதன் பிறகு ஆபரேஷன் அறையின் கதவு சாத்திக்கொண்டது. பரத் கம்பெனி யூனிஃபார்மோடு ஓடி வந்து சுவரோரம் உட்கார்ந்தான். யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. மதியத்துக்கு மேல் டாக்டர் வெளியே வந்தார். பெண் குழந்தை, எடை குறைவு, சில நாள் உள்ளே வைத்திருக்க வேண்டும். தாய் பிழைத்துவிட்டாள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் வழியிலேயே ஃபிட்ஸ் வந்திருக்கும் என்றார். பரத் அங்கேயே அழுதான்.

சொர்ணம், கழற்றிய வளையல்களை முந்தானையில் துடைத்து, கர்ச்சீப்பில் முடிந்து குளோரியாவிடம் நீட்டினார்.

"பிரசவம் பாத்தவங்களுக்குத்தான் இந்த வளையலைக் குடுக்கணும் தாயி. எங்க வழக்கம்."

குளோரியா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "எனக்கு வேண்டாம்மா. அன்னிக்கு நான் பாத்திருக்கணும். கை ஏறாதப்பவே தெரிஞ்சிருக்கணும். சிரிச்சுக்கிட்டு நின்னேனே."

சொர்ணம் அவள் கையை இழுத்து, கிழிந்த உள்ளங்கையைத் திருப்பி அதில் முடிச்சை வைத்தார்.

"நான் பெத்தவ தாயி. அந்த வீங்குன மூஞ்சியப் பாத்து, எம்புள்ள எவ்ளோ அழகா இருக்கான்னு கண்ணு பட்டுடும்னு பயந்து, நானே சுத்திப் போட்டேன்."