நாகமலையில் ஏழு பொட்டு

டிராயிங் மாஸ்டர் வரைந்த நாகமலைப் படம் என் டிரங்குப் பெட்டிக்குள் இருக்கிறது. நீளமாகப் படுத்த மலை, அதன் முதுகில் சிவப்பு மையில் ஏழு பொட்டு. ஒவ்வொரு பொட்டும் ஒரு செடி. பாலைநிலத்தில் முளைக்கிற கள்ளிமுளையானில் ஒரு வகை அது. இலை கிடையாது, விரல் தடிமனில் தண்டு, உச்சியில் கருஞ்சிவப்புப் பூப்பந்து. கிட்டே போனால் அழுகல் நாற்றம், ஈ மொய்க்கும். இந்தக் கர்மத்துக்காகத்தான் மூன்று வருஷம் மலை ஏறினார் மனுஷர்.

யுத்தத்துக்கு முந்திய காலம். இருவருக்கும் ஒரே மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை, நான் கிளார்க். சனிக்கிழமைதோறும் கோச்சடையிலிருந்து சைக்கிள் மிதித்துப் போய் ஏறுவோம். செடியைக் கண்டால் மாஸ்டர் தொடமாட்டார். பக்கத்துப் பாறையை வரைந்து, அடியெண்ணித் தூரம் குறிப்பார். “பிடுங்கிட்டா அப்புறம் எதுக்கு மாப்ள குறிக்கணும்?” என்பார். மதராஸில் செடிகளைப் பற்றிப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவருக்குப் படத்தை நகலெடுத்து அனுப்பினார். அந்தச் செடி உங்கள் பக்கம் வளராது, பூவும் வேருமாகக் காயவைத்து அனுப்பினால் நம்புகிறேன், தீபாவளி கழிந்தால் புத்தகம் அச்சுக்குப் போய்விடும் என்று பதில் வந்தது. அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். நாகமலை என்று புத்தகத்தில் ஒரு வரி வரவேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை.

பூக்கிற சமயம் பார்த்துக் காய்ச்சலில் விழுந்தார். “ஒண்ணே ஒண்ணு எடுத்துட்டு வா மாப்ள. மிச்சத்தத் தொட்டுறாத.” சரிண்ணே என்று போனவன்தான் நான். முதல் செடி கையோடு ஒடிந்தது. பயந்துபோய் அடுத்ததைப் பிடுங்கினேன். அதில் பூ உதிர்ந்தது. பிறகு வெறி பிடித்தவன்போல ஏழையும் பிடுங்கிவிட்டேன். மழை பெய்தால் தானாக முளைக்காதா என்ற திமிர் வேறு. காயவைக்க எனக்குத் தெரிந்த வழி கிளார்க்கின் வழி. பழைய அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்தருக்குள் வைத்து, மேலே இன்னும் நாலு ரிஜிஸ்தரை அடுக்கினேன். நீர் கட்டிய தண்டைக் கொதிநீரில் முக்கிவிட்டுத்தான் அழுத்தவேண்டும் என்பது மாஸ்டருக்குத் தெரியும். நான் கேட்கவில்லை, மடையன்.

காய்ச்சல் விட்டு வந்தவர் ரிஜிஸ்தரைப் பிரித்தார். கறுப்புக் கூழ், பிள்ளைகளின் பெயர்கள்மேல் ஒட்டிக் கிடந்தது.

“எத்தன எடுத்த?”

“ஏழுண்ணே.”

“அம்புட்டுமா?”

ரிஜிஸ்தரை மூடி என்னிடமே நீட்டினார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். புத்தகம் வந்தது, நாகமலை இல்லாமல். சில வருஷங்களில் அவரும் போய்ச் சேர்ந்தார். அதற்கு முன் என்னைக் கூப்பிட்டுப் படத்தைக் கொடுத்தார். “எடம் தெரிஞ்ச ஆளு இனி நீ ஒருத்தன்தான்.”

ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும் படத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு ஏறுகிறேன். இந்த வருஷமும் மூச்சு வாங்க ஏறினேன். அவர் சொன்னபடி அடியெண்ணி நடந்தால் அவர் வரைந்த பாறை அப்படியே வந்து நிற்கிறது. ஒரு பொட்டுகூடத் தப்பில்லை. ஒன்றிலும் செடி இல்லை.