மேல் பல்லும் கண்ணும்

ஏசுதாஸ் வாயைத் திறக்கமாட்டார் என்பது ஊருக்கே தெரியும். உத்திரமேரூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர். காலையும் மாலையும் வால்வைத் திறந்துவிட்டுத் தொட்டி நிழலில் தனியாக உட்கார்ந்திருப்பார். தலைக்கனம் பிடித்த மனுஷன் என்று பேர். தலைக்கனமாவது ஒன்றாவது! பதினைந்து வருஷமாக மேல் ஈறில் சீழ். கிட்டே போனால் வாடை ஆளைத் தள்ளும். அதை முகத்துக்கு நேரே சொன்ன ஒரே ஆள் அவர் பெண்டாட்டி மலர்க்கொடி.

"ஆஸ்பத்திரிக்குப் போய்ப் புடுங்கிக்கினு வாய்யா" என்பாள்.

"மேல் பல்லு புடுங்கினா கண்ணு பூடும். அப்புறம் வால்வு யாரு திருப்பறது?" என்பார்.

ஊரே அப்படித்தான் நம்பியது, அவரை மட்டும் என்ன சொல்ல? துலக்கினால் ரத்தம் வருகிறது என்று அந்தப் பக்கம் துலக்குவதையே விட்டார். வலித்தால் ஒரு சிட்டிகை புகையிலை அடக்கிக்கொள்வார். மலர்க்கொடி செத்து ஆறு வருஷமாகிறது. அப்புறம் யாரும் எதுவும் சொல்லவில்லை. தள்ளி உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான்.

போன கிறிஸ்துமஸுக்கு மகள் திலகா ஒரகடத்திலிருந்து வந்திருந்தாள். மூன்று வயசுப் பேத்தி கீர்த்தி மடியில் ஏறி முத்தம் கொடுக்க வந்தது. இவர் வாயைப் பொத்திக்கொண்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார். குழந்தை அழுதது.

"பேத்தியகூடத் தூக்கமாட்டியா நைனா?" என்று கேட்டுவிட்டுப் போனவள்தான். ஞாயிற்றுக்கிழமை ஒரு போன் வரும். இவர் "ம்" என்பார், அவள் வைத்துவிடுவாள். தன் வாய் நாறுகிறது என்று பெற்ற மகளிடம் எப்படிச் சொல்வது? வெட்கம் பிடுங்கித் தின்றது.

மாசியில் நெஞ்சை அடைத்தது. பெரியாஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்துப் பிழைக்கவைத்தார்கள். மகளுக்குச் சொல்லவேண்டாம் என்றுவிட்டார். இதய டாக்டர் சசிரேகா அவர் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். மூக்கைச் சுளிக்கவில்லை. அதற்கே ஏசுதாஸுக்குக் கண் கலங்கியது.

"பல்லால மட்டும்தான் அட்டாக் வந்ததுன்னு சொல்ல முடியாதுங்க. புகையிலை இருக்கு, பிபி இருக்கு. ஆனா வருஷக்கணக்கா ஈறுல சீழ் இருந்தா உடம்பு பூரா அழற்சி ஓயாது. ரத்தக்குழாய் கெடுறதுக்கு அதுவும் ஒரு காரணமாகலாம். அந்தப் பல்ல எடுத்துடுங்க."

"கண்ணு பூடாதாம்மா?"

"பல்ல எடுத்தா கண்ணு போகாதுங்க."

ஆறு மாசம் கழித்து, இதய டாக்டர் சரியென்ற பிறகு, மேல் வரிசையில் முன்பல்லும் சேர்த்து ஐந்து பல் போயின. மறுநாள் காலை வால்வைத் திறந்துவிட்டு ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். ஏரியில் நின்ற கொக்கு தெரிந்தது. அடுத்த கண்ணிலும் தெரிந்தது. இந்தப் பயத்துக்கா பதினைந்து வருஷம்! சொல்லிச் சிரிக்கக்கூட மலர்க்கொடி இல்லையே என்று அழுகை வந்தது.

வாழ்க்கையில் முதல்முறையாக அவரே மகளுக்குப் போன் போட்டார்.

"திலகா, வாயி நாத்தம்மா, அதான் புள்ளையத் தூக்கல. இப்ப பல்ல எடுத்தாச்சி. ஈறு ஆறினதும் அதை மடியில வெச்சிக்கணும்மா, இட்டுக்கினு வா" என்று மூச்சுவிடாமல் பேசினார். முன்பல் இல்லாமல் பேச்சு காற்றாய்ப் போனது.

திலகாவுக்குக் குரல் பிடிபடவில்லை.

"இது எங்க நைனா போனாச்சே. நீங்க யாருங்க பேசறது?"

ஏசுதாஸ் திகைத்து நின்றார். அப்புறம், "ம்" என்றார்.

"நைனா" என்றாள் திலகா.