கீழவீதியில் எடுத்த அறை

லாட்ஜில் அறை எடுக்கப் போனால், பதிவேட்டை முழுதாகப் படித்துவிட்டுத்தான் நான் கையெழுத்துப் போடுவேன். பெயர், ஊர், தொழில், வந்த காரணம் எல்லாவற்றையும் என் கையாலேயே எழுதுவேன். மேனேஜர்கள் எரிச்சல்படுவார்கள். என் வீட்டுக்காரர் பெட்டியோடு படிக்கட்டில் நின்றுகொண்டு "ஆச்சா?" என்பார். நிற்கட்டும். எனக்கு அவசரமில்லை. ஒரு தடவை அவசரப்பட்டதே இந்த ஆயுசுக்குப் போதும்.

அப்போது நான் டீச்சர் டிரெயினிங் முடித்து வேலைக்குக் காத்திருந்தேன். அப்பாவோடு தஞ்சாவூருக்கு வாய்தாவுக்குப் போவதுதான் என் உத்தியோகம் மாதிரி ஆகியிருந்தது. கீழ்வேளூருக்குத் தெற்கே வாய்க்காலை ஒட்டிய பன்னிரண்டு மா நிலத்தை அப்பா இருபது வருடத்துக்கு மேல் சாகுபடி செய்துவந்தார். உழவு, நாற்று, நடவு, களை எல்லாம் எங்கள் பாடு. அறுப்பு முடிந்ததும் குத்தகை நெல்லை மிராசுதார் களத்தில் அளந்துவிடுவோம். ரசீது என்று ஒரு துண்டுக் காகிதம் அவர் தந்ததில்லை, அப்பாவும் கேட்டதில்லை.

குத்தகைக்காரர்கள் பெயரைப் பதிவு செய்யச் சட்டம் வந்தபோது விவசாயிகள் சங்கத்துக்காரர்கள் சொல்லி அப்பா மனுக் கொடுத்தார். அவன் குத்தகைக்காரனே இல்லை, என்னிடம் கூலிக்கு இருந்த பண்ணையாள் என்று மிராசுதார் பதில் போட்டார். தாலுகாவில் எங்களுக்குச் சாதகமாக உத்தரவானது. அவர் அப்பீலுக்குப் போனார். குத்தகைக்காரர் என்று நிலைத்தால் எங்களை யாரும் அந்த வயலை விட்டு இறக்க முடியாது. பண்ணையாள் என்று எழுதிவிட்டால் அன்றைக்கே நிலம் போச்சு.

அது மூன்றாவது வாய்தா. முதல் இரண்டும் அதிகாரி முகாமுக்குப் போயிருக்கிறார் என்று தள்ளிப்போயிருந்தன. மாவட்டம் பிரியாத காலம். எல்லாவற்றுக்கும் தஞ்சாவூருக்குத்தான் ஓட வேண்டும். காலை பத்து மணிக்கு ஆஜராக வேண்டுமென்றால் முதல் நாளே வந்துவிட வேண்டும். முந்தின இரண்டு தடவையும் ஸ்டேஷனிலேயே படுத்துக்கொண்டோம். இந்தத் தடவை அப்பாவின் முழங்கால் பூசணிக்காய் போல வீங்கியிருந்தது. ஓர் அறை எடுத்தே ஆகவேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்தவரிடம் அப்பா, "பொண்ணு கூட வருதுங்க, அதனால பயமில்ல" என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

ஆவணி மாதம். மறுநாள் முகூர்த்தம் என்பது எனக்கு உறைக்கவில்லை. ஸ்டேஷன் பக்கத்து லாட்ஜ்களில் கல்யாணக் கூட்டம். இடம் இல்லை. பழைய பேருந்து நிலையத்தருகே ஒன்றில் மாடியில்தான் அறை, மூன்று மாடி ஏற வேண்டும். அப்பா படியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வெளியே வந்துவிட்டோம். கோட்டை அகழியைத் தாண்டி ஊருக்குள் போனோம். சுவர் முழுக்கக் கறுப்பு சிவப்பு. ஏழைகளுக்கான ஆட்சி என்று ஆளுயர எழுத்து. அந்தச் சுவருக்கு நேர் எதிரே ஒரு லாட்ஜில் மேனேஜர் நல்லவிதமாகத்தான் பேசினார்.

"எந்த ஊரு?"

சொன்னேன்.

"ஊருல எந்தத் தெரு?"

எங்கள் பக்கத்தில் தெருவைச் சொன்னால் மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. சொன்னேன். அவர் பலகையில் தொங்கிய சாவிகளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் "ரூம் இல்லைங்களே" என்றார். ஏழெட்டுச் சாவி தொங்கியது. சண்டை போட வாயெடுத்தேன். அதற்குள் என் செருப்பு வார் அறுந்துபோய், நான் குனிந்து அதோடு மல்லுக்கட்ட ஆரம்பித்தேன். கோபம் அதிலேயே தீர்ந்துவிட்டது.

பெரிய கோயில் கோபுரத்தை அன்று எத்தனை திசையிலிருந்து பார்த்தேனோ தெரியாது. ஒரு தடவைகூட நின்று பார்க்கத் தோன்றவில்லை. வெயில் இறங்கியும் புழுக்கம் இறங்கவில்லை. மேலவீதியில் ஒரு சோடாக் கடை வாசலில் அப்பா உட்கார்ந்துவிட்டார்.

"கீழவீதியில நம்ம லாட்ஜு இருக்கும்மா. அங்கயே போயிடுவோம்."

நம்ம லாட்ஜு என்று அவர் சொன்னது மிராசுதார் வழக்கமாகத் தங்கும் லாட்ஜை. அரண்மனைக்குப் பின்னால் இருந்தது. கோர்ட்டு காரியமாக மிராசுதார் தஞ்சாவூர் வந்தால் முதல் நாளே ஓர் ஆள் போய் அறையைத் திறக்க வைத்து, பெருக்கி, கூஜாவில் தண்ணீர் பிடித்து வைக்க வேண்டும். குத்தகைக்குச் சாகுபடி செய்கிறவர்கள் இப்படி ஏவல் வேலையும் சேர்த்துச் செய்வது எங்கள் பக்கத்தில் எழுதாத ஒப்பந்தம். கூலி கிடையாது. வருடக்கணக்காக அப்பா போய்வந்திருக்கிறார். இரவில் அறை வாசலில் துண்டை விரித்துப் படுத்துக்கொள்வார்.

"அங்க வேண்டாம்ப்பா. அவரோட நியாயம் பேச வந்துட்டு அவரு எடத்துலயா தங்குறது?"

"எனக்குக் காலு முடியலம்மா" என்றார். அப்பா தன் உடம்பைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. போனோம்.

வாசலில் நுழைந்ததும் மேனேஜர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். "அடடே, வாப்பா. ரொம்ப நாளாச்சு. எசமான் எப்ப வர்றாங்க?"

"பின்னாடி வர்றாங்கய்யா" என்றார் அப்பா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பாவுக்கும்தான். வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அவருக்கே அது கேட்டது. இத்தனை வருடம் அந்தக் கேள்விக்கு அவர் சொல்லிவந்த ஒரே பதில் அது. தலையைக் குனிந்து முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"அவங்க வரல. நாங்க தனியா வந்திருக்கோம். ரூமு எங்களுக்குத்தான்" என்றேன்.

"சரிம்மா, சரிம்மா. எல்லாம் ஒண்ணுதானே" என்று சொல்லிக்கொண்டே அவர் பதிவேட்டை இழுத்து மளமளவென்று எழுதினார். எழுதி முடித்து என் பக்கம் திருப்பினார். நூலில் கட்டிய பேனா. அவர் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன். மேலே என்ன எழுதியிருக்கிறார் என்று பார்க்கவில்லை. எழுத்துக் கோணல், வெளிச்சம் கம்மி என்றெல்லாம் பிற்பாடு எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். பொய். எனக்கு அலுப்பாக இருந்தது. சாவியை வாங்கி, அப்பாவைக் கட்டிலில் படுக்க வைத்து, நானும் காலை நீட்ட வேண்டும். அந்த நேரத்தில் உலகத்தில் வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

அப்பா கட்டிலில்தான் படுத்தார். மிராசுதாரின் கட்டில். மெத்தை ரொம்பக் குழியாக இருக்கிறது என்று மட்டும் காலையில் சொன்னார். அன்றைக்கும் வாய்தா தள்ளிப்போனது.

அடுத்த வாய்தாவில் மிராசுதாரின் வக்கீல் ஒரு கட்டு காகிதத்தோடு அந்தப் பதிவேட்டையும் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அதிகாரி விரலால் தேடி ஒரு வரியில் நிறுத்தி வாய்விட்டுப் படித்தார். மிராசுதார் பெயர், அதன் கீழே, "பண்ணையாள், மகளுடன், அறை எடுக்க முன்னதாக வந்தது."

"இந்தக் கையெழுத்து யாரோடது?"

"என்னுதுங்க."

"என்ன படிச்சிருக்கே?"

"டீச்சர் டிரெயினிங்குங்க."

"படிச்சுப் பாத்துத்தானே போட்டே?"

எங்கள் வக்கீல் எழுந்து என்னவோ சொன்னார். லாட்ஜ் மேனேஜர் இஷ்டத்துக்கு எழுதியது சாட்சியாகாது என்று வாதாடினார். நல்ல மனிதர், சங்கத்துக்காகக் காசு வாங்காமல் வந்தவர். கேள்வி என்னவோ என்னைப் பார்த்துத்தான் இருந்தது. படிக்கவில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? படித்தேன் என்றால் கதை முடிந்தது. அப்பா என்னைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த ஒரு வரியால்தான் தோற்றோம் என்று வக்கீல் ஒருநாளும் சொல்லவில்லை. ரசீது இல்லை, கிராமத்து அடங்கல் கணக்கில் பெயர் இல்லை, சாட்சி சொல்ல வந்தவர்கள் பாதியில் பின்வாங்கினார்கள். எல்லாம் நிஜம். ஆனால் உத்தரவின் நகல் கைக்கு வந்தபோது அதில் அந்த வரியும் இருந்தது, மேற்கோள் குறிக்குள். தை அறுவடைக்கு அப்பா அதே வயலில் கூலிக்கு இறங்கினார். வாய்க்கால் கரையில் நின்று பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் அப்பா ஒரே பதிலைத்தான் சொன்னார். "வக்கீலு சரியில்லைங்க." அந்த நல்ல மனிதர்மேல் பழி போட்டாரே என்று எனக்குக் கோபம்கூட வந்தது. சாகும்வரை லாட்ஜைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. படிக்காமல்தான் கையெழுத்துப் போட்டேன் என்பது நான் சொல்லாவிட்டாலும் அவருக்குத் தெரியும். கையெழுத்துப் போடத் தெரியாத மனிதர், தனியாகப் போனால் எதையாவது எழுதி ஏமாற்றிவிடுவார்கள் என்று பயந்துதான், படித்துப் பார்த்துச் சொல்ல ஒவ்வொரு வாய்தாவுக்கும் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.